முற்றாமுன் உதிர்வன: மரத்தின் கணக்கும் கவிஞரின் உவமையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



மரத்திலிருந்து கனி விழுவது இருவகைப்படும். முற்றிப் பழுத்துத் தானே நழுவி விழுவது ஒன்று. முற்றுதற்கு முன்னரே காம்பு கழன்று விழுவது மற்றொன்று. முன்னதைக் கண்டு எவரும் வருந்துவதில்லை. வயலோரத்து மாமரத்தினின்று விழும் பழுத்த கனியைப் பொய்கை வாளைமீன் கவ்விக்கொள்ளும் காட்சியைக் குறுந்தொகையின் எட்டாம் பாடல் காட்டுகிறது. முயற்சியின்றிக் கிடைக்கும் இன்பமே அங்குக் குறிப்பு. பின்னதோ நெஞ்சை உறுத்துவது. வடுவும் பிஞ்சுமாக அடிமரத்தைச் சுற்றிக் கிடப்பனவற்றைக் காண்பவர் உள்ளத்தில், 'இவை ஏன் விழுந்தன? இன்னும் சில நாள் நின்றிருக்கலாகாதா?' என்னும் வினா எழுகிறது. உழவர்க்கு அவ்வினா வருவாய் பற்றியது; கவிஞர்க்கு அது நிலையாமை பற்றியது.

நாலடியாரில் இளமை நிலையாமை என்னும் அதிகாரத்தில் அமைந்த பத்தொன்பதாம் பாடல் இக்காட்சியைக் கொண்டே அறம் உரைக்கிறது. முதிர்ந்த பழங்கள் கிளையிலேயே இருக்க, நல்ல காய்கள் கொடிய காற்றில் அகப்பட்டு வீழ்ந்துவிடுவதும் உலகில் நிகழ்வதே. ஆதலின் இளமையை நம்பிக் காலந்தாழ்த்தாது, பொருள் உள்ளபோதே அறம் செய்க என்பது அதன் கருத்து. அன்று தொட்டு இவ்வுவமை தமிழில் வேரூன்றியுள்ளது. இளமையில் மறைந்தோர்க்குப் பாடப்படும் இரங்கற்பாக்களில் பிஞ்சு உதிர்தல் இன்றும் வாராது ஒழிவதில்லை. ஆனால், அவ்வுவமையை எடுத்தாளும் கவிஞர், மரம் உண்மையில் யாது செய்கிறது என்பதை அறிந்து எடுத்தாளுகின்றனரா? இப்பொழிவு ஆராய விழைவது இவ்வொரு வினாவையே.

1. தமிழ் வகுத்த பெயர்கள்

மரத்தின் செயலை நோக்குமுன், அதனை நோக்கிய தமிழர் இட்டு வழங்கிய பெயர்களை நோக்குதல் தகும். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் (1902–1981) தம் 'சொல்லாய்வுக் கட்டுரைகள்' நூலில் தமிழின் சொல்வளத்தை விளக்குமிடத்துப் பிஞ்சு வகைக்குரிய சொற்களைத் தொகுத்துள்ளார். மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. எள்ளின் பிஞ்சு கவ்வை. வாழையின் பிஞ்சு கச்சல். தென்னை, பனை ஆகியவற்றின் பிஞ்சு குரும்பை. முற்றாத பாக்கு நுழாய். பூவின் எச்சம் இன்னும் ஒட்டியிருக்கும் மிக இளைய நிலைக்குப் பூம்பிஞ்சு எனத் தனிப்பெயரும் உண்டு.

இவற்றினும் கருதத்தக்கவை கெட்ட காய்க்கும் கனிக்கும் அமைந்த பெயர்கள். நுனி சுருங்கிய காய் சூம்பல். புழு அரித்தது சொத்தை. வெப்பத்தால் பிஞ்சிலேயே பழுத்தது வெம்பல். குழைந்து நெகிழ்ந்த பழம் அளியல். பதராகிப்போன மிளகாய் சொண்டு. இப்பெயர்கள் கேட்டின் தன்மையையோ காரணத்தையோ சுட்டி நிற்கின்றன. 'வெம்பிற்று' என்று சொன்னவர் சூட்டைக் கண்டவர். 'சொத்தை' என்று சொன்னவர் உள்ளே இருந்த புழுவைக் கண்டவர். தோட்டத்தில் நாள்தோறும் குனிந்து பொறுக்கியவரின் கண்ணே இச்சொற்களைப் படைத்தது.

அக்கண்ணுக்கு விழுந்தவை யாவும் ஒன்றல்ல. ஆனால் இன்றைய கவிதையிலோ வடு, மூசு, குரும்பை, கச்சல் யாவும் 'பிஞ்சு' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. வெம்பல், சொத்தை, சூம்பல் யாவும் 'உதிர்ந்தது' என்னும் ஒரு வினையில் அடங்கிவிட்டன. சொல் குறைந்தபோது வேறுபாடு காணும் பார்வையும் குறைந்தது. உவமை தன் கூர்மையை இழந்த இடம் இதுவே.

2. மரத்தின் கணக்கு

மாமரத்தையே சான்றாகக் கொள்வோர்க்குச் செய்தி எளிதில் விளங்கும். மாவின் ஒரு பூங்கொத்தில் சில நூறு முதல் ஆயிரக்கணக்கான பூக்கள் வரை மலர்கின்றன. அவற்றுள் பல ஆண்பூக்கள். அவை காயாக மாட்டா. எஞ்சியவை ஆண்மையும் பெண்மையும் ஒருங்கமைந்த இருபாற் பூக்கள். இவ்விருபாற் பூக்களிலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவையே முற்றிய கனியாகின்றன. மரம் முழுவதும் பொன்னிறமாகப் பூத்து நிற்கும்போதே, அப்பூக்களுள் மிகப் பெரும்பாலன கனியாகா என்பது உறுதி.

இந்த இழப்பு ஒரே நாளில் நிகழ்வதன்று. தோட்டக்கலை அறிஞர் அதனை மூன்று படிகளாகப் பகுப்பர். காய் பிடித்தவுடன் குண்டூசித் தலையளவில் உதிர்வது முதற்படி. மகரந்தம் சேராதனவும், சேர்ந்தும் சூல் கொள்ளாதனவும் இப்படியில் கழிகின்றன. சற்றே பருத்தபின் உதிர்வது இரண்டாம் படி. ஒரே கொத்தில் நிற்கும் காய்கள் உணவிற்குத் தம்முள் போட்டியிட, வலியன நிற்க, மெலியன வீழ்கின்றன. ஓரளவு வளர்ந்தபின் கோடையில் உதிர்வது மூன்றாம் படி. இந்தியத் தோட்டக்கலை நூல்கள் இதனை 'மே உதிர்வு' என்று வழங்குகின்றன. உழவரின் நெஞ்சைச் சுடுவது இம்மூன்றாவதே. முதலிரண்டும் எண்ணிக்கையில் மிகப் பெரியனவாயினும் கண்ணுக்குப் புலப்படுவது குறைவு.

ஆப்பிள் மரத்திற்கும் இத்தகைய பருவம் உண்டு. வடகோளத்து நாடுகளில் அது 'ஜூன் உதிர்வு' எனப்படும். நன்கு பூத்த ஆப்பிள் மரத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பூக்கள் காயானாலே அது நிறைந்த விளைச்சலாகும். மரம் உதிர்த்தது போதாதெனத் தோட்டக்காரர் தாமும் பிஞ்சுகளைக் கிள்ளி எறிவர். அங்ஙனம் செய்யாவிடின் காய்கள் சிறுத்துப் போகும். மறு ஆண்டு மரம் பூக்கவும் மறுக்கும்.

விழுவன யாவும் காயல்ல என்பதும் ஈண்டு நினையத்தக்கது. பலாமரத்தில் ஆண் பூந்திரளும் பெண் பூந்திரளும் தனித்தனியே தோன்றுகின்றன. ஆண் திரள் தன் மகரந்தத்தை உகுத்தபின் கறுத்து விழுந்துவிடும். பார்ப்பதற்கு அது மூசு போலவே தோன்றுவதால், மரம் காய்களை உதிர்க்கிறதெனப் பலர் வீணே கவலையுறுவர். தன் பணி முடித்து வீழ்ந்ததை, பணி முடிக்காது வீழ்ந்ததாக எண்ணி இரங்குவது அது.

இனி, மரம் ஏன் இத்துணைப் பூக்களைப் பூக்க வேண்டும்? மரத்திற்கு வரவிருக்கும் கோடையின் கடுமை முன்கூட்டித் தெரியாது. மழை பெய்யுமா, தேனீயும் ஈயும் வருமா, வேர் எவ்வளவு நீர் தரும் என்பனவும் தெரியா. ஆதலின் அது மிகுதியாகத் தொடங்குகிறது. பின்னர்த் தன் ஆற்றலுக்கு ஏற்பக் குறைத்துக்கொள்கிறது. பூப்பது சிறு செலவு. கனியை முற்றச் செய்வது பெருஞ்செலவு. சிறு செலவைப் பலவாகச் செய்து, பெருஞ்செலவைச் சிலவற்றிற்கே செய்வது மரத்தின் கணக்கு.

3. காம்பில் நிகழ்வது

காய் எவ்வாறு உதிர்கிறது என்பதை அறியக் காம்பை நோக்க வேண்டும். தக்காளியின் காம்பில் நடுவே முழங்கால் போன்ற ஒரு கணு இருப்பதைச் சமையலறையிலேயே காணலாம். காய் கழலும் இடம் அதுவே. மரக்காய்களின் காம்பிலும் அத்தகைய மூட்டு உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் சிறியவை, அடுக்கடுக்காய் அமைந்தவை. கழல்வதற்கான இடம் காய் வளரத் தொடங்கும்போதே அமைந்துவிடுகிறது. இணையும் இடத்திலேயே பிரியும் இடமும் வகுக்கப்பட்டுள்ளது என்பது கவிஞர் கருதத்தக்க செய்தி.

அங்ஙனமாயின், அம்மூட்டைக் கழலாது காப்பது யாது? காய்க்குள் இருக்கும் விதை. வளரும் விதை 'ஆக்சின்' என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து காம்பின் வழியே மரத்திற்கு அனுப்பிய வண்ணம் உள்ளது. அந்த ஓட்டம் தொடரும்வரை மூட்டு உறுதியாக நிற்கும். விதை கருகினாலோ நலிந்தாலோ ஓட்டம் தளர்கிறது. அப்போது மூட்டின் உயிரணுக்கள் எத்திலீன் என்னும் வாயுவிற்கு வசப்படுகின்றன. உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைக்கும் நொதிகள் தோன்றுகின்றன. பின்னர்க் காய் தன் எடையாலேயே கழன்று விழுகிறது; அல்லது மெல்லிய காற்றே போதுமானதாகிறது. மரத்தின் பக்கத்தில் புண் ஆறுவதுபோல் ஒரு காப்புப் படலம் உண்டாகிறது. ஆகவே காற்று தள்ளியதாகத் தோன்றும் பல வீழ்ச்சிகளில் மூட்டு முன்னமே நெகிழ்ந்திருந்தது எனலாம்.

விதையின் இவ்வாற்றலை 1950-ஆம் ஆண்டு ஜே. பி. நிட்ஷ் என்னும் அறிஞர் ஸ்ட்ராபெரியைக் கொண்டு காட்டினார். அக்கனியில் விதை போன்ற மணிகள் தோலின் மேற்புறத்தே பதிந்திருக்கும். அவற்றை இளமையிலேயே நீக்கிவிட்டால் சதைப்பகுதி வளராது நின்றுவிடும். ஓரிடத்தில் மட்டும் மணியை விட்டுவைத்தால் அவ்விடம் மட்டும் பருக்கும். மணிகளை நீக்கிய இடத்தில் ஆக்சின் வகைப் பொருளைத் தடவினால் கனி மீண்டும் வளரும். கனி வளர்வது விதையின் ஏவலால் என்பது இதனால் தெளிவாயிற்று.

எத்திலீனின் வரலாறும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரத் தெருக்களில் எரிவாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. வாயு கசிந்த இடங்களில் நின்ற மரங்கள் காலமல்லாக் காலத்தில் இலை உதிர்த்தன. 1901-இல் நெல்யூபோவ் என்னும் உருசிய அறிஞர், விளக்கு வாயுவில் கலந்திருந்த எத்திலீனே செடிகளின் வளர்ச்சியைத் திரிக்கிறது என்று கண்டார். 1934-இல் ரிச்சர்டு கேன் என்பவர், பழுக்கும் ஆப்பிள்கள் தாமே அவ்வாயுவை வெளியிடுகின்றன என மெய்ப்பித்தார். வெளியிலிருந்து வந்த நஞ்சாக எண்ணப்பட்டது, கனி தானே உண்டாக்கும் பொருள் எனத் தெரியவந்தது.

மற்றொரு பொருள் அப்சிசிக் அமிலம். 1963-இல் அமெரிக்க அறிஞர் அடிகாட்டின் குழுவினர் பருத்தியின் இளங்காய்களிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். காய் உதிர்தலுக்கு அதுவே காரணம் எனக் கருதி, உதிர்தலைக் குறிக்கும் சொல்லினின்று அதற்குப் பெயர் அமைந்தது. பின்னைய ஆய்வுகள் உதிர்த்தலில் முதன்மையானது எத்திலீனே என்றன. அப்சிசிக் அமிலத்தின் பெரும்பணி விதையை உறங்கச் செய்வதும், வறட்சியில் இலைத்துளைகளை மூடச் செய்வதும் ஆகும். காரணப்பெயர் நிலைத்துவிட்டது, காரணம் நீங்கிவிட்டது. இலக்கணம் பயில்வோர்க்கு இது புதிதன்று.

உழவர்க்குப் பயன்பட்ட கண்டுபிடிப்பு 1939-இல் நிகழ்ந்தது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்ட்னர், மார்த், பாட்ஜர் ஆகியோர் ஆக்சினைப் போன்ற செயற்கைப் பொருள்களைத் தெளித்து, அறுவடைக்கு முன் ஆப்பிள்கள் உதிர்வதைத் தடுத்தனர். அவற்றுள் ஒன்றான நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம் இன்று மாந்தோப்புகளிலும் தெளிக்கப்படுகிறது. அளவு மிகச் சிறிது: பத்து இலட்சத்தில் இருபது பங்கு. இதே பொருளை ஆப்பிள் பிஞ்சுகளின் மீது மிக இளமையில் தெளித்தால் அது உதிர்வை மிகுவிக்கிறது. முதிர்ந்தபின் தெளித்தால் உதிர்வைத் தடுக்கிறது. பொருள் ஒன்றே, பருவம் மாறச் செயல் மாறுகிறது.

4. புறத்தே வரும் காரணங்கள்

மரத்தின் கணக்கிற்கு அப்பாற்பட்ட காரணங்களும் உள. நீர் வற்றினால் மரம் இலையைக் காக்கக் காயைக் கைவிடும். நெடுநாள் வறண்ட நிலத்தில் திடீரென நீர் பாய்ந்தாலும் காய் உதிர்வதுண்டு. பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சும். சாம்பல் நோய் பூங்கொத்தைக் கருக்கும். பழ ஈ காயினுள் முட்டையிடும். அவ்வாறு விழுந்தவற்றைப் பொறுக்கி அழிக்காவிடின் அடுத்த தலைமுறை ஈக்கள் மண்ணிலிருந்து எழும். நுண்ணூட்டங்களுள் போரான் குறைந்தால் தென்னையில் குரும்பை கொட்டும்.

தென்னையில் காரணத்தை ஆராய்வது கடினம். அதன் பாளை, மரத்தின் உள்ளே உருவாகத் தொடங்கி வெளிவர நெடுங்காலம் செல்லும்; பாளை வெடித்தபின் காய் முற்ற ஏறத்தாழ ஓராண்டு செல்லும். ஆதலின் மழை பொய்த்த ஆண்டின் துயரம் அடுத்தடுத்த ஆண்டுகளின் குலைகளிலும் தெரியும். 1998-இல் கேரளத்தில் முதன்முதல் காணப்பட்டுப் பின் தமிழகத் தோப்புகளிலும் பரவிய ஈரியோபைட் சிலந்திப்பேன், குரும்பையின் தொட்டிற்குள் புகுந்து சாற்றை உறிஞ்சிக் காயைச் சுருக்கியது; பல குரும்பைகள் கொட்டிப்போயின. கண்ணுக்குத் தெரியாத அச்சிற்றுயிர் செய்த கேட்டிற்கு உழவர் முதலில் வேறு பல காரணங்களைத் தேடியதில் வியப்பில்லை.

சிற்றூர்களில் காய்த்துக் குலுங்கும் மரத்தில் பழஞ்செருப்பையோ துடைப்பத்தையோ கட்டித் தொங்கவிடும் வழக்கம் உண்டு. கண்ணேறு பட்டால் காய் உதிரும் என்னும் நம்பிக்கை அது. இந்நம்பிக்கை எழுந்த வகை விளங்குகிறது. மிகுதியாகக் காய்த்த மரமே அண்டை வீட்டார் கண்ணில் படும். மிகுதியாகக் காய்த்த மரமே மிகுதியாக உதிர்க்கவும் செய்யும். இரண்டும் ஒரே மரத்தில் அடுத்தடுத்து நிகழ்தலால், பின்னது முன்னதன் விளைவாகத் தோன்றிற்று. இதில் வருந்தத்தக்கது ஒன்று. மரம் தன் இயல்பால் செய்ததற்குப் பழி, வியந்து நோக்கிய ஒருவர் மேல் ஏற்றப்பட்டது.

5. எவை உதிர்கின்றன?

மரம் கண்ணை மூடிக்கொண்டு உதிர்க்கிறதா, தேர்ந்து உதிர்க்கிறதா என்பது அடுத்த வினா. 1986-இல் அமெரிக்க அறிஞர்களான ஸ்டீவன்சனும் வின்சரும் இதனை ஆய்ந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டது லோட்டஸ் கார்னிகுலேட்டஸ் என்னும் அவரைக் குடும்பத்துச் சிறு செடி. சில பூங்கொத்துகளில் செடி தானே பிஞ்சுகளை உதிர்க்க விட்டனர். வேறு சிலவற்றில் தாமே கண்டபடி கிள்ளிக் குறைத்தனர். செடி தானே உதிர்த்தபின் எஞ்சிய காய்களில் விதைகள் மிகுதியாக இருந்தன; அவ்விதைகளிலிருந்து எழுந்த நாற்றுகளும் வலிவுடையனவாக இருந்தன. விதை குறைந்த பிஞ்சுகளைச் செடி முதலில் கைவிடுகிறது என்பது இதனால் தெரியவந்தது. மேலே கூறிய ஆக்சின் ஓட்டத்தை நினைப்போர்க்குக் காரணமும் விளங்கும்: விதை குறைவெனின் ஓட்டமும் குறைவு.

தாய்மரமே எப்போதும் முடிவு செய்வதில்லை என்பதைப் பெங்களூர் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்து அறிஞர்களான கணேசய்யாவும் உமா சங்கரும் 1988-இல் காட்டினர். ஈட்டி மரத்தின் இனமான சிசு மரத்தின் நெற்றில் பல சூல்கள் இருப்பினும் பெரும்பாலும் ஒன்றே விதையாகிறது. முதலில் கருவுற்ற சூல் ஒரு வேதிப்பொருளால் உடன்பிறந்த பிற சூல்களை நலியச் செய்கிறது. ஒரு விதையுடைய நெற்று எடை குறைந்தது; காற்றில் நெடுந்தொலைவு செல்லக்கூடியது. தமிழர் நன்கறிந்த நாவற்பழமும் இத்தகையதே. அதன் சூலகத்தில் பல சூல்கள் உள. கொட்டையாவது பெரும்பாலும் ஒன்று. ஔவையின் கதையில் சுட்ட பழம், சுடாத பழம் என்று பேசப்பட்ட அச்சிறு கனிக்குள்ளும் முற்றாது நின்றுபோனவை பல.

6. உவமையின் எல்லை

இனிக் கவிஞர்க்குரிய பகுதிக்கு வருதல் பொருந்தும். தொல்காப்பிய உவமவியல், உவமை தோன்றும் வகைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறது. செயலால் ஒத்தல், விளைவால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என அவை அமையும். இளமையில் இறந்த ஒருவரை உதிர்ந்த பிஞ்சோடு ஒப்பிடுவது இவற்றுள் வினை பற்றியது. காலத்திற்கு முன் நீங்குதல் என்னும் செயல் இரண்டிற்கும் பொது. பயன் பற்றி நோக்கினால் இரண்டும் முற்றிலும் வேறு. மரத்திற்குப் பிஞ்சு உதிர்தல் பெரும்பாலும் நன்மை. அதனால் எஞ்சிய காய்கள் பருக்கின்றன. மறு ஆண்டின் பூவும் காக்கப்படுகிறது. மனிதர் இழப்பால் எவர்க்கும் அத்தகைய நன்மை இல்லை. எஞ்சிய பிள்ளைகள் நன்கு வாழட்டும் என ஒரு பிள்ளை போயிற்று என்று எந்தத் தாயிடமும் சொல்ல இயலாது.

இவ்வேறுபாட்டை அந்நாலடியார்ப் பாடலின் ஆசிரியர் உணர்ந்திருந்தார் எனக் கொள்ள இடமுண்டு. அவர் வெறுமனே காய் உதிர்தலைச் சொல்லவில்லை. வீழ்ந்த காயை நல்லது என்றார். வீழ்த்திய காற்றைக் கொடியது என்றார். அவ்விரண்டு அடைகளும் அணிக்காக வந்தவை அல்ல. மரம் கழித்த சூம்பலையும் சொத்தையையும் அவர் உவமையிலிருந்து விலக்கிவிட்டார். மூட்டு உறுதியாக இருந்தும், விதை உயிரோடிருந்தும், புறத்தே வந்த கொடுமையால் வீழ்ந்ததை மட்டுமே உவமையாக்கினார். இருவகை வீழ்ச்சியையும் தோட்டத்தில் கண்ட ஒருவரே அவ்வாறு பாட இயலும்.

1959-இல் இருபத்தொன்பதாம் அகவையில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், 1920-இல் முப்பத்திரண்டாம் அகவையில் மறைந்த கணிதமேதை இராமானுசன் ஆகியோரைப் பாடும் கவிஞர், காற்றைச் சொல்லாது காயை மட்டும் சொன்னால், அவர்களை மரம் தானே கைவிட்ட மெலிந்த பிஞ்சாக்கிவிடுவர். அடைமொழியை விட்டுவிட்டால் இரங்கல் இழுக்காகிவிடும். பழைய உவமையை எடுப்போர் அதன் காற்றையும் சேர்த்தே எடுத்தல் வேண்டும்.

இவ்வுவமை மிகுந்த கேடு விளைப்பது மற்றோர் இடத்தில். கரு நிலைக்காமற் போவதையும் தமிழ் 'உதிர்தல்' என்றே வழங்குகிறது. அச்சொல் வந்தவுடன் மரத்தைப் பற்றிய பழிகளும் உடன் வருகின்றன: பெண் எதையோ தூக்கினாள், எங்கோ போனாள், எவர் கண்ணோ பட்டது என்பன அவை. தொடக்க மாதங்களில் நிகழும் கருவிழப்புகளில் ஏறத்தாழப் பாதி அல்லது அதற்கும் மேற்பட்டவற்றிற்குக் கருவின் நிறப்புரிகளில் அமைந்த பிழையே காரணம் என்பது மருத்துவ அறிவியல் கண்ட முடிவு. அப்பிழை பெரும்பாலும் கரு உருவாகும்போதே தற்செயலாக நேர்வது. தாய் செய்ததும் செய்யத் தவறியதும் அதற்குக் காரணம் ஆகா. மரத்தை அறியாமல் மரத்தின் மேல் ஏற்றிய பழி, மொழியின் வழியே பெண்ணின் மேல் ஏறிவிட்டது.

குறுந்தொகையின் 292-ஆம் பாடலில் பரணர் குறித்த செய்தி இங்கு நினைவிற்கு வருகிறது. நீராடச் சென்ற ஒரு பெண், ஆற்றுநீர் கொண்டுவந்த பசிய மாங்காய் ஒன்றைத் தின்றாள். அதனைக் குற்றமாகக் கொண்டான் நன்னன். எண்பத்தொரு களிறுகளையும் அவள் எடைக்கு எடை பொன்னாற் செய்த பாவையையும் தர அவள் சுற்றத்தார் முன்வந்தும் ஏற்காது அவளைக் கொல்வித்தான். காய் எவ்வாறு நீரில் வீழ்ந்ததெனப் பாடல் கூறவில்லை. மரத்தினின்று நீங்கி, நீர்வழி வந்த காய் அது. அவள் கிளையை வளைத்துப் பறித்ததன்று. காய் வீழ்ந்தது, பழியோ அதனை எடுத்த பெண்ணின் மேல் வீழ்ந்தது. பரணர் நன்னன் பக்கம் நிற்கவில்லை. அவன் செயலை என்றும் மறவாத பழியாகத் தமிழில் நிறுத்திவிட்டார். கவிஞர்க்கு உரிய இடம் எது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

7. கவிஞர்க்கு ஒரு சொல்

உவமை பொருந்தாத இடத்தைக் கூறியபின், பொருந்தும் இடத்தையும் கூறுதல் முறை. கவிஞர் தம் சொற்களுக்குத் தாமே மரம். அங்கு வினையும் ஒக்கும், பயனும் ஒக்கும். மிகுதியாகப் பூக்காத மரத்தில் தேர்வதற்கு ஒன்றுமில்லை. பூத்தவை அனைத்தையும் சுமக்க முயலும் மரத்தில் காய்கள் சிறுத்துப்போம். மறு ஆண்டு பூவும் இல்லையாம். உள்ளே விதையுடைய வரியே காம்பில் நிற்கும். விதையற்ற வரியைக் கவிஞர் பற்றி வைத்திருப்பினும் படிப்போர் நெஞ்சில் அது தங்குவதில்லை. தாம் எழுதிய வரியை நீக்குவது கவிஞர்க்குத் துயரமாயினும், அத்துயரம் எவர்க்கும் தீங்கு செய்வதன்று. மரத்தின் கணக்கைக் கவிஞர் தம் ஏட்டின்மேல் செலுத்தலாம், மனிதர்மேல் செலுத்தலாகாது.

பத்தாண்டு என்பது ஒட்டுமாங்கன்று நன்கு வேர்பிடித்துக் காய்ப்பிற்கு வந்துவிடும் காலம். இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாகப் படிக்கப்பெற்ற கவிதைகளுள் நிற்பன எவை என்பதை இனி வரும் ஆண்டுகள் சொல்லும். அதனினும் உடனடியாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வடு, மூசு, கச்சல், குரும்பை, நுழாய் என்னும் சொற்கள் நல்ல காய்களாயிருந்தும் வழக்கிலிருந்து வீழ்ந்து வருகின்றன. அவை விதையற்றுப் போனமையால் வீழ்வன அல்ல. தோட்டத்தை மறந்த வாழ்வின் காற்று அவற்றை வீழ்த்துகிறது. கவிஞர் தம் பாட்டில் வடுவை வடுவென்றும், வெம்பியதை வெம்பல் என்றும் எழுதுவாராயின் அச்சொற்கள் நிற்கும். அவற்றோடு, வீழ்ந்தது எதனால் வீழ்ந்தது என்று குனிந்து பார்க்கும் பழக்கமும் தமிழில் நிற்கும்.